90-ல் ஆடும் கார்: தொப்பூர் இறங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வாரம் கோடிங் பற்றிப் பேசவில்லை, கார் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் விஷயம் டீபக்கிங்தான். நான் ஒரு பக்கைச் சரிபண்ணிவிட்டேன் என்று நினைத்து டிக்கெட்டை மூடியதும், அது மூடவே இல்லை என்று என் அம்மா கண்டுபிடித்ததும்தான் இன்றைய கதை.

எனக்கு ஊர் தர்மபுரி மாவட்டம், காரிமங்கலம் பக்கம். வேலை பெங்களூரில். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக என்.எச். 44-ல் ஊருக்குப் போய்விடுவேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சின்ன ஹேட்ச்பேக். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கிருஷ்ணகிரி தாண்டினதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 80-க்குக் கீழே ஒன்றுமில்லை. 85-ல் ஆரம்பிக்கும், 90-ல் உச்சம், 100-ஐ நெருங்கினால் குறையும்.

நான் என்ன பண்ணினேன்? நம்ம எல்லாரும் பண்ணுவதைத்தான். 80-க்கு மேல் போவதை நிறுத்திவிட்டேன். ஆபீஸில் இதற்குப் பேர் ஒர்க்அரவுண்ட்.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்?

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. என் காரின் டயர் 185/65 ஆர்15. ஒரு முழுச் சுற்றுக்கு அது தரையில் கடக்கும் தூரம் தோராயமாக 1.9 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். 25-ஐ 1.9-ஆல் வகுத்தால் 13 வரும். அதாவது 90-ல் போகும்போது ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு 13 தடவை சுற்றுகிறது.

அந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். கையில் வைத்தால் கனமே தெரியாது. ஆனால் சுற்றும்போது அது சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும். அந்த இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 45-ல் சுமார் 1 கிலோ எடை இழுக்கிற மாதிரி இருப்பது, 90-ல் கிட்டத்தட்ட 4 கிலோ ஆகிவிடும். அதுவும் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நொடிக்கு 13 தடவை.

அப்படியென்றால் 100-ல் இன்னும் மோசமாகத்தானே ஆக வேண்டும், ஏன் குறைகிறது? இங்கேதான் ஊஞ்சல் வருகிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும், உயரமாக ஆடும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆடாது. காரில் சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த அந்தக் கனம், டயரின் காற்றுக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவில் தொங்குகிறது. அதற்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10-லிருந்து 15-க்குள் இருக்கும். சக்கரம் சுற்றும் தாளம் அதோடு ஒத்துப்போகிற வேகத்தில் கார் ஆடும், தாண்டினால் அடங்கும்.

அதனால் "100-ல் போனால் சரியாகிவிடுகிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோளாறு சரியாகவில்லை. உங்கள் காதுக்குக் கேட்காத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எப்போது வருகிறது, எப்போது போகிறது?

மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொன்னால், அவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பார். பில் நம்முடையது. அதைவிட, எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்று பிரித்துச் சொன்னால் பாதிக் குற்றவாளிகள் அங்கேயே விடுதலை ஆகிவிடுவார்கள்.

வேகத்தை மட்டும் சார்ந்து வருகிறதா? ஆக்ஸிலரேட்டர் மிதித்தாலும் விட்டாலும் அதே 90-ல் அதே ஆட்டம் என்றால் சக்கரம், டயர், ரிம், பேரிங் பக்கம் பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்தால் நின்றுவிடுகிறதா? முன்சக்கர டிரைவ் கார்களில் கியர்பாக்ஸ் பக்கத்து ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் மவுண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங்கும் பெடலும் துடிக்கிறதா? பிரேக் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். மலைப்பாதையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்து சூடாக்கியிருந்தாலும் வரும், ஏர் கன் வைத்து வீல் நட்டுகளை ஒன்று அதிகம் ஒன்று குறைவு என்று முறுக்கியிருந்தாலும் நாளடைவில் வரும்.

நிற்கும்போதே ஆடுகிறதா? நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை மெதுவாக 2,500 வரை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதே நடுக்கம் என்றால் சக்கரத்தைத் தொடவே வேண்டாம், விஷயம் எஞ்சின் பக்கம்.

காலையில் கிளம்பியதும் ஆடி, இருபது நிமிஷத்தில் தானாகச் சரியாகிறதா? அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் வாரக்கணக்கில் நின்ற காருக்கு இது வரும். டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், ஓடிச் சூடானதும் உருண்டைக்குத் திரும்பும். காற்றை மட்டும் சரிபாருங்கள்.

காசே செலவில்லாத ஒன்று: மழைக்காலத்தில் தோட்டத்து வழியில் போய் வந்தால் ரிமின் உள்பக்கம் செம்மண் அப்பிக் காய்ந்துவிடும். அதுவே நூறு கிராம் இருக்கும். கடைக்குப் போகுமுன் ஒரு வாளித் தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள். அப்படியே வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டயர் கழற்றி மாட்டிய மறுநாள் ஆட்டம் ஆரம்பித்தால், முதல் சந்தேகம் நட்டு மேல்தான் வர வேண்டும்.

நியூட்ரல் டெஸ்ட் வேண்டாம்

யூடியூபில் ஒரு டெஸ்ட் அடிக்கடி சொல்வார்கள்: ஆட்டம் வரும் வேகத்தில் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஆட்டம் நிற்கிறதா பார். லாஜிக் சரிதான், எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால் நம்ம ஊரில் இதைச் செய்யாதீர்கள். காரணம் தொப்பூர்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம் டோல்கேட்டைத் தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிப் போகிற பக்கம் நீண்ட இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களை தர்மபுரிக்காரர்கள் விபத்துச் செய்திகளில் கேட்டே வளர்ந்திருப்போம். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதி, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்து, வண்டிகள் தீப்பிடித்து 4 பேர் இறந்த சிசிடிவி வீடியோ நிறையப் பேர் போனுக்கு வந்திருக்கும்.

இந்த மாதிரி இறக்கத்தில் பெரிய ஆபத்தே நியூட்ரலில் இறங்குவதுதான். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில். கனமான லாரியில் பிரேக் சூடாகிச் சூடாகி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இதில் எரிபொருள் மிச்சம் என்ற நம்பிக்கை வேறு. இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் பிடிக்கிறோம் என்று செலவு செய்கிறார்கள்.

நியூட்ரல் இல்லாமலே அதே பதிலைப் பெறலாம். சமமான, வண்டி நெரிசல் இல்லாத ரோட்டில், ஆட்டம் வரும் அதே வேகத்தில் ஒருமுறை ஐந்தாவது கியரிலும் ஒருமுறை நான்காவது கியரிலும் போய்ப் பாருங்கள். சக்கரத்தின் வேகம் மாறவில்லை, எஞ்சினின் வேகம் மட்டும் மாறுகிறது. ஆட்டமும் மாறினால் எஞ்சின் பக்கம், மாறாவிட்டால் சக்கரத்துப் பக்கம். ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாற்று. நமக்குத் தெரிந்த பழைய பாடம்தான்.

நான் எங்கே கோட்டை விட்டேன்

நான் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அதற்கு மேலேயும் போனேன். பைபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பாடத்துக்காக உருவாக்கியது. போனுக்குள் இருக்கும் சென்சாரை வைத்து, எந்தத் தாளத்தில் நடுங்குகிறது என்று கிராஃப் போட்டுக் காட்டும். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள, போனை டேஷ்போர்டில் அசையாமல் வைத்து 90-ல் ஓட்டினேன். கிராஃபில் 13-க்கு நேராக ஒரு கோபுரம். எஞ்சின் அந்த வேகத்தில் 2,600 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 43 சுற்று. அங்கே ஒன்றுமில்லை. ஆக, சக்கரம்தான். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த முடிவுதான் தப்பு. சக்கரம் என்றால் பேலன்ஸிங் என்று நானே எழுதிக்கொண்டேன். பெங்களூரில் ஒரு டயர் கடையில் பேலன்ஸிங் பண்ணினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, பேலன்ஸிங்கும் பண்ணிக் கொடுத்தார்கள். ஒரு ரிம்மில் மட்டும் ஈயக்கட்டிகள் வரிசையாக இருந்தன, எண்ணிப் பார்த்தால் 90 கிராம். மற்ற மூன்றிலும் 20, 25-ஐத் தாண்டவில்லை. கண்ணெதிரே லாக் ஃபைல் கத்திக்கொண்டிருந்தது. நான் படிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஸ்டியரிங் கல் மாதிரி நின்றது. டேஷ்போர்டு கிராஃபில் கோபுரமும் இல்லை. டிக்கெட்டை மூடிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அப்பாவுக்கு சேலத்தில் கண் ஆபரேஷன். விடியற்காலையில் ஊரிலிருந்து கிளம்பினோம். அப்பா முன்சீட்டில், அம்மா பின்சீட்டில். தர்மபுரியை நெருங்கும்போது அம்மா கேட்டார்:

"ஏன்டா, இந்த சீட்டுக்கு அடியில யாரோ தட்டிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கே?"

"ரோடு அப்படிம்மா."

"ரோடு நல்லாத்தான்டா இருக்கு. நீ மெதுவா போனா மெதுவா தட்டுது, வேகமா போனா வேகமா தட்டுது."

யோசிச்சுப் பாருங்க. எந்த ஆப்பும் இல்லாமல், அதிர்வு சக்கரத்தோடு சேர்ந்து வருகிறது என்று அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன், 60. முன்பு 85-ல் ஆரம்பித்தது இப்போது 60-லேயே வந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. முன்சக்கரத்தின் கோளாறு பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். பின்சக்கரத்தின் கோளாறு சீட்டிலும் தரையிலும் தெரியும். கடைக்காரர் டயரை மாற்றிப் போட்டதில் கோளாறு சரியாகவில்லை, முன்னாலிருந்து பின்னால் இடம் மாறியிருக்கிறது. என் சென்சார் டேஷ்போர்டில் இருந்தது. ஒரு மாதமாக நான் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆளே இல்லை.

தர்மபுரி பைபாஸ் ஓரம் ஒரு பஞ்சர் கடை திறந்திருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன், 90 கிராம் கட்டியைக் காட்டினேன். "இவ்ளோ கட்டி ஒரே வீலுக்கா?" என்று கேட்டவர், முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடச் சொல்லிப் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செங்கல் மேல் வைத்து, முனை டயரை ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார்.

நல்ல டயர் என்றால் முனைக்கும் டயருக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டயர் வந்து முனையை இடித்தது. சுற்றுவதை நிறுத்தி, அந்த இடத்தில் என் கையை வைக்கச் சொன்னார். மேடு. உள்பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. காருக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாத பக்கம்.

"தம்பி, உள்ள கம்பி விட்டுருச்சு. பேலன்ஸிங் மெஷின் எடையத்தான் பாக்கும், டயர் உருண்டையா இருக்கான்னு அது பாக்காது. எடை கூட இருந்தா எதிர்ப்பக்கம் கட்டி ஒட்டச் சொல்லும். ஒட்டிட்டாங்க."

"சேலம் வரைக்கும் தாங்குமாண்ணே?"

"தாங்கும், தாங்காது, எனக்குத் தெரியாது. ஆனா அம்மா அப்பாவ வெச்சுக்கிட்டு இதுல தொப்பூர் எறங்காதீங்க."

டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அந்த டயரில் 3216. 2016-ன் 32-வது வாரத்தில் செய்தது. ட்ரெட் நன்றாக இருந்ததால் அதன் வயதை நான் பார்க்கவே இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ரேடியல் டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. ட்ரெட்டுக்கு அடியில் ஸ்டீல் கம்பிகளால் ஆன பெல்ட் அடுக்குகள், சுவரில் நூல் அடுக்கு. பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது சுவரின் நூல்கள் அறுந்தால் காற்று அங்கே தள்ளிப் புடைக்கும். வயது, வெயில், காற்றுக் குறைவு, அதிகச் சுமை சேர்ந்தால் பெல்ட் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியலாம். பிரிய ஆரம்பித்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் பிரியும். அதனால்தான் இந்த மாதிரி ஆட்டம் ஒரே அளவில் நிற்காது. வாரத்துக்கு வாரம் கூடும், குறைந்த வேகத்திலேயே வர ஆரம்பிக்கும்.

இது எவ்வளவு தீவிரம் என்பதற்கு ஒரு உதாரணம். 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. காரணம், ஓடும்போதே ட்ரெட் பிரிந்து போனது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் பிரிந்து கவிழ்ந்தன. 200-க்கும் மேற்பட்ட மரணங்கள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன.

பேலன்ஸிங் குறை என்றால் ஆட்டம் மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எரிச்சல்தான், அவசரம் இல்லை. கூடிக்கொண்டே போகிற ஆட்டம் வேறு ஜாதி. என் விஷயத்தில் 85 என்பது 60 ஆனதுதான் மொத்தக் கதையிலும் முக்கியமான எண். அதை நான் கவனிக்கவில்லை, அம்மா கவனித்தார்.

கடைக்குப் போகும்போது

இனி நான் போனில் ஒரு நோட் வைத்திருக்கிறேன். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எந்த வேகத்தில் நிற்கிறது. ஸ்டியரிங்கிலா, சீட்டிலா, பெடலிலா. ஆக்ஸிலரேட்டர், பிரேக் மிதித்தால் மாறுகிறதா. எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது: பள்ளமா, டயர் மாற்றமா, மழையா. போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா. இந்த ஐந்து வரியையும் மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுகிறேன்.

பேலன்ஸிங் முடிந்ததும் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒவ்வொரு வீலுக்கும் எத்தனை கிராம் போட்டீர்கள்? ஒன்றுக்கு மட்டும் மிக அதிகம் என்றால் அந்த டயரையும் ரிம்மையும் சுற்றிக் காட்டச் சொல்கிறேன், உள்பக்கச் சுவரையும் சேர்த்து. டயரை இடம் மாற்றிப் போட்டிருந்தால், பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்துத்தான் டெஸ்ட் டிரைவ் போகிறேன்.

அன்றைக்கு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, லாரிகளுக்குப் பின்னாலேயே மூன்றாவது கியரில் தொப்பூர் இறங்கினோம். இரட்டைப் பாலம் தாண்டினதும் அம்மாவைக் கேட்டேன், "இப்ப தட்டுதாம்மா?"

"இல்லடா. தூங்க விடு."

ஆபரேஷனுக்கு அரை மணி நேரம் தாமதம். அப்பாவுக்குக் கண் நன்றாகிவிட்டது. ஊர் திரும்புமுன் நான்கு டயரையும் மாற்றினேன்.

உங்கள் கார் எந்த வேகத்தில் ஆடுகிறது, அது கூடிக்கொண்டு வருகிறதா என்று இந்த வாரம் ஒருமுறை பாருங்க. பின்சீட்டில் உட்கார்ந்தும் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.